மாப்பிள்ளையின் பீரங்கி வண்டியைக் கழுவிய விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் ஃபிரிட்ஜும் பால்கனியில் உள்ள ஒன்பது தொட்டிச் செடிகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அதே அளவுக்காவது சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் பீரங்கி வண்டியின் சௌக்கியத்தை மட்டும் ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தினமும் மகள்தான் கூப்பிடுகிறாள். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா, கேஸை அணைத்தேனா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, "இருங்கப்பா, அவர்கிட்ட தர்றேன்" என்கிறாள். நீங்கள் "உடம்பைப் பாத்துக்கங்க மாமா" என்பீர்கள். நான் "நீங்களும் பாத்துக்கங்க மாப்பிள்ளை" என்பேன். அதன் பிறகு இரண்டு பேரும் அவரவர் உடம்பைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருப்போம், போன் மறுபடி மகளிடம் போய்விடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு பீரங்கி வண்டியை நுழைக்க நானும் ஒரு மாதமாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

நடந்தது இதுதான். நீங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் வேலையாக இரண்டு மாதத்துக்கு வெளியூர் கிளம்பியபோது, "வீட்டைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் ஒரு வீட்டைப் பார்ப்பது? நாலாவது மாடியில் நாலு கதவு இருக்கிறது, நாலும் சாத்தியிருக்கிறது. லிஃப்டில் வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதற்குப் பதிலாக எத்தனையாவது மாடி என்று காட்டுகிற எண்ணைப் பார்க்கிறார்கள், நானும் அதையே பார்க்கிறேன். பேச ஆள் இல்லாதவனுக்குக் கை சும்மா இருக்காது. முதலில் ஃபேன்களைத் துடைத்தேன். பிறகு சுவிட்சுகள், ஜன்னல் கம்பிகள், கதவுக்கு மேல் விளிம்பு, செருப்பு அலமாரியின் அடிப்பக்கம், பூந்தொட்டிகளின் வெளிப்பக்கம் என்று போய், பதினெட்டாம் நாள் காலையில் பார்த்தால் வீட்டில் துடைப்பதற்கு ஒரு பொட்டு அழுக்கு மிச்சமில்லை. பத்தொன்பதாம் நாள் உங்கள் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன்.

உள்ளே அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். இடுப்பு வரைக்கும் சேறு, அதற்கு மேல் துரு, பக்கவாட்டில் அடிபட்டு உள்வாங்கின மாதிரி இரண்டு சொட்டை, முன்பக்க மட்கார்டு ஒன்று நசுங்கி மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டியபடி ஒரு குட்டிச் சிப்பாய், அவர் முகத்திலும் கரி. மாப்பிள்ளை, நான் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் வண்டி கழுவிப் பெயின்ட் அடிக்கிற பிரிவில் இருந்தவன், அதில் கடைசி ஒன்பது வருடம் ஃபோர்மேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டியதில்லை, அழுக்கு வண்டிக்கு நான் கையெழுத்துப் போட்டதும் இல்லை. அன்றைக்கு நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி, பாவம், கவனிக்க நேரமில்லை, நான் ஒருத்தன் இந்த வீட்டில் இருந்தும் இது இப்படிக் கிடக்கலாமா?

பாத்திரம் கழுவுகிற சோப்பும் பழைய டூத் பிரஷும் போதுமானதாக இருந்தன. தேய்க்கத் தேய்க்கச் சேறு வந்துகொண்டே இருந்தது. மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஏரியல் கம்பி ஒன்று சேறோடு சேர்ந்து சிங்க் ஓட்டைக்குள் போய்விட்டது. சிப்பாயின் கரியைத் துடைத்ததில் முகமும் கூடவே வந்துவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் கழுவிய பிறகுதான் சொட்டை நன்றாகத் தெரிந்தது, சொட்டை தெரிந்தால் மாவு வைத்து நிரவிப் பட்டி பார்க்காமல் விட எனக்கு வராது. பட்டி பார்த்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, மட்கார்டை மூக்குக் கண்ணாடித் திருப்புளியால் நிமிர்த்தி, பால்கனி கிரில்லுக்கு அடித்ததில் மிச்சமிருந்த பச்சை எனாமலை இரண்டு கோட் கொடுத்தேன். சக்கரத்துக்குக் கறுப்பு, நடுவில் வெள்ளை வட்டம். உடம்பு முழுக்கப் பொடிப் பொடியாக ரிவெட்டுகள் இருந்தன அல்லவா, அவை எல்லாம் பெயின்டுக்குள் மூழ்கி வழவழவென்று ஆகிவிட்டன. கடைசியில் பின்பக்கம் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கைப்பழக்கம், என்ன செய்வது, மெல்லிய பிரஷால் 'இடைவெளி விடவும்' என்று எழுதினேன். பீரங்கிக்குப் பின்னால் யார் ஒட்டிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வண்டியைப் பார்த்து நீங்கள் தலை வாரிக்கொள்ளலாம், அப்படிப் பளபளத்தது. நாலு நாள் அதைச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். முகம் இல்லாத ஆளாக இருந்தாலும் எதிரில் ஒரு ஆள் இருந்தால் ஒரு கரண்டி சோறு கூடுதலாக இறங்குகிறது. நீங்கள் வந்ததும் அலமாரியைத் திறந்து ஆச்சரியப்படப் போகிறீர்கள், "பிரமாதம் மாமா" என்று சொல்லப் போகிறீர்கள், அதற்கு நான் "இதெல்லாம் ஒரு வேலையா மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும் என்று சிப்பாயிடம் இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் வண்டியைத் திரும்ப வைப்பதற்காக அலமாரித் தட்டைத் துடைக்கும்போதுதான் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே உங்கள் நோட்டுப் புத்தகம் இருந்தது. அடுத்தவர் நோட்டைப் படிக்கக் கூடாது என்று தெரியும். முதல் பக்கத்தை மட்டும் பார்க்கலாம் என்று திறந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். 'ஞாயிறு. சேறு, மூன்றாவது அடுக்கு. காய்ந்த மாதிரி இருக்கிறது, நனைந்த மாதிரி இல்லை. மறுபடி செய்ய வேண்டும்.' 'ஞாயிறு. சொட்டை சரியாக வந்துவிட்டது. ஆறு மணி நேரம்.' இப்படி எட்டு மாதம், மாப்பிள்ளை. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை நான் ஒரு காலைப்பொழுதில் சிங்க்கில் விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு அழைப்பிதழ் செருகியிருந்தது. இருபத்தைந்தாம் தேதி மாடல் கண்காட்சி. அதில் சேறும் துருவுமாக உங்கள் வண்டியின் படம்.

உங்கள் மாமியார் போன பிறகு என்னை இந்த வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள். வந்து ஏழு மாதம். ஞாயிறுதோறும் நீங்கள் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். ஹாலில் டீவி முன்னால் உட்கார்ந்திருக்கிற கிழவனைப் பார்க்க வேண்டாம் என்றுதான் சாத்துகிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீங்கள் சேறு பூசிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில், நான் வந்த இரண்டாவது மாதத் தேதி போட்டு, ஒரே ஒரு வரி: 'துரு முதலில் எங்கே வரும்? மாமாவுக்குத் தெரியும். கேட்க வேண்டும்.' அதன் கீழே வேறொரு மசியில், 'தூங்குகிறார். பிறகு.' அதோடு சரி. ஒரு விஷயம் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் பகலில் தூங்கியதே இல்லை. உங்களுக்குத் தொந்தரவாக இருக்க வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். துரு வெளியே எடுப்பாகத் தெரிகிற இடத்தில் வராது, தண்ணீர் தங்குகிற இடத்தில்தான் வரும். மட்கார்டின் உள்மடிப்பு, கதவின் கீழ் விளிம்பு, இரண்டு தகடு சேருகிற இடம். ஆட்கள் ஏறி இறங்கும்போது பூட்ஸ் படுகிற இடத்தில் முதலில் பெயின்ட் போகும், பிறகுதான் துரு. டீசல் ஊற்றுகிற மூடியைச் சுற்றித் துரு வராது, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பாக வழிந்திருக்கும். அங்கே நீங்கள் துரு வைத்திருந்தீர்கள். கழுவும்போது கவனித்தேன்.

அழைப்பிதழின் பின்னால் மாடல் சாமான் விற்கிற ஒரு கடையின் முகவரி இருந்தது. வண்டியைத் துண்டில் சுற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்கார அம்மாவை எல்லாரும் 'மேஜர்' என்று கூப்பிடுகிறார்கள். ராணுவத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கணக்கு டீச்சராக இருந்தவராம். துண்டைப் பிரித்துப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பி எழுத்தைப் படித்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், இதைச் சுரண்டி எடுத்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து போய்விடும், இருக்கிறதன் மேலேயே செய்ய வேண்டியதுதான் என்றார். பளபளப்பை அடக்க ஒரு மருந்து, துருப்பொடி, சேற்றுப்பொடி என்று எடுத்து வைத்தார். குப்பியில் அடைத்த சேறு. முப்பத்தொரு வருடம் நான் பைப் வைத்து அடித்துத் தள்ளியதை எல்லாம் யாரோ குப்பியில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ரிவெட்டுகளுக்கு மேஜர் ஒரு வழி சொன்னார். ஊசி முனையில் பசையைத் தொட்டு ஒரு பொட்டு, பக்கத்தில் இன்னொரு பொட்டு. இருநூற்றுப் பன்னிரண்டு ரிவெட்டு வைத்தேன். சிப்பாய்க்கு முகம் வந்துவிட்டது, கொஞ்சம் என் தங்கை வீட்டுக்காரர் ஜாடையில். சேறுதான் வரவில்லை. பொடியைத் தொட்ட பிரஷை வண்டிக்குக் கொண்டு போவேன், கை நின்றுவிடும். சுத்தமான வண்டியின் மேல் அழுக்கைப் போடு என்றால் என் கை கேட்காது. நாலு நாள் அப்படியே போனது. மேஜர்தான், "இத்தனை வருஷம் சேத்தைக் கழுவுனீங்களே, ஒரு நாளாவது அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவர் சொன்னதற்காகக் கட்டடம் கட்டுகிற இடங்களுக்குப் போய் லாரிகளின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு டிரைவர், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, சேறு பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரே எந்த மண் எப்படி ஒட்டும், எது காய்ந்து உதிரும், எது உதிராது என்று அரை மணி நேரம் சொன்னார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு மனுஷர் என்னோடு அரை மணி நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போது வண்டி அலமாரியில் சேற்றோடு நிற்கிறது. உங்கள் சேறு மாதிரி இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். பட்டிக்கும், எனாமலுக்கும், ஏரியலுக்கும், நோட்டைப் படித்ததற்கும் தனித்தனியாகக் கேட்கிறேன். நீங்கள் பதினெட்டாம் தேதி வருகிறீர்கள். நான் பதினேழாம் தேதியே கிளம்பி என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாக இருக்கிறேன், அவளிடம் சொல்லியும் ஆகிவிட்டது. கோபப்படுவீர்கள் என்று பயந்து ஓடவில்லை. கோபப்பட மாட்டீர்கள் என்றுதான் பயம். அலமாரியைத் திறந்து பார்ப்பீர்கள், "பரவாயில்லை மாமா" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்துவீர்கள். சொந்த அப்பா செய்திருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். விருந்தாளியைத்தான் யாரும் திட்டுவதில்லை. அந்தப் 'பரவாயில்லை'யை நேரில் கேட்க எனக்குத் தெம்பு இல்லை, மாப்பிள்ளை.

சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போவேன். மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு ஆசி சொல்கிற யோக்கியதை இப்போதைக்கு எனக்கு இல்லை என்பதால் வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது போன் வந்தது. மகள் என்று எடுத்தால் நீங்கள். பேசியது உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் மேஜர் கடைக்குப் பழைய வாடிக்கையாம், நான் அங்கே போன முதல் நாளே அவர் வண்டியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டாராம். அதன் பிறகு வாரா வாரம் அனுப்பியிருக்கிறார். ஒரு மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டே என் உடம்பை விசாரித்திருக்கிறீர்கள். "நான் ஏதாவது சொன்னா நீங்க பிரஷ்ஷைக் கீழ வெச்சிடுவீங்கன்னு பயந்தேன் மாமா" என்றீர்கள். அதுவரைக்கும் சரி. அடுத்த வாக்கியத்திலேயே, "ஆனா ஒரு மனுஷன் டாங்க்குக்குப் போய்ப் பட்டி பாப்பாரா? எட்டு மாசம் மாமா, எட்டு மாசம்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பத்து நிமிஷம் திட்டினீர்கள். மூன்றாவது வரிசை ரிவெட்டு கோணல் என்றீர்கள், ஒத்துக்கொள்கிறேன். இடது பக்கம் சேறு ஜாஸ்தி என்றீர்கள், அதை ஒத்துக்கொள்ள முடியாது. தெரு நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும், தண்ணீர் ஓரத்தில்தான் தேங்கும், ஓரப் பக்கத்து, அதாவது இடது பக்கத்துச் சக்கரத்துக்குத்தான் சேறு அதிகம் ஏறும். டாங்க் தெரு ஓரமாகப் போகாது என்கிறீர்கள். சண்டை நடக்கிற இடத்துக்கு அது பறந்தா போகும்? ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகளில் சேற்றுக்கு உரியதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தங்கையைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கும் எனக்கும் பெரிய சண்டை, இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை என்றேன்.