கூடத்தில் ஆடிய இளஞ்சிவப்பு முக்கோணங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் அன்பு அத்தைக்கும்,

உங்கள் அண்ணன் மகனும் உங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று சொல்ல ஆசைதான். உங்கள் மூட்டுவலியும் கோபமும் ஒருசேரத் தணிந்திருக்கும் நேரமாகப் பார்த்து இதைப் பிரிக்கவும். பெற்றோர் கூட்டத்தில் என்ன கூத்து நடந்தது என்று தொலைபேசியில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே பதிலும் சொல்லி வைத்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

பதினோராம் வகுப்புக்கு நாஜி முகாம்கள் பற்றிய பாடம். ஆண்களை விரும்பிய ஆண்களைப் பிடித்து அடைத்து, சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத் துணி தைத்தார்கள் என்றும், போர் முடிந்து மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகும் பழைய சட்டம் அப்படியே இருந்ததால் இவர்களில் சிலர் மறுபடி சிறைக்குப் போனார்கள் என்றும் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று ஒருத்தி என்னைத் தேற்றினாள். அப்படியா என்று ஆளுக்கொரு இளஞ்சிவப்புக் காகித முக்கோணம் கொடுத்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படிப்பட்டவர் என்று ஒருவரைக் கேலி செய்யும் சொல் காதில் விழுந்திருந்தால் பின்பக்கம் எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றேன். எழுதினார்கள் அத்தை. கூடுதல் காகிதம் கேட்டார்கள். பரீட்சையில்கூட இவர்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஓர் இடம் மட்டும் காலி. கோல்கீப்பர் என்று எல்லோரும் கூப்பிடும் பெண், தன் தோழியைப் பிடித்திருக்கிறது என்று யாரிடமோ சொன்னது பள்ளி முழுக்கப் பரவியதிலிருந்து வரவில்லை. இந்தப் பள்ளிக்கு வரமாட்டேன் என்கிறாள், காரணம் தெரியவில்லை என்று அவள் அம்மா டி.சி. கேட்டிருந்தார். அவளுக்காகத்தான் இந்தப் பாடத்தையே முன்னால் இழுத்தேன்.

முக்கோணங்களை ஆசிரியர் அறை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டால் எனக்குக் கண் சொருகும் என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். விழித்தபோது மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அன்று மாலைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூடத்தை அலங்கரிக்க ஏதாவது கிடைக்காதா என்று ஆளாய்ப் பறந்துகொண்டிருந்த ஓவிய ஆசிரியர், நான்தான் மனமிரங்கி வெட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் நூலில் கோத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டார். பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. அவருக்கு நிறம் போதும். "உங்களுக்குள்ள இப்படி ஒரு கலைஞன் இருக்கான்னு சொல்லவே இல்லையே சார்" என்று என் கையைக் குலுக்கினார்.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பெற்றோர் உட்கார்ந்தாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயங்கால வெயில் காகிதத்தின் வழியே இறங்கி, தரை, நாற்காலி, வழுக்கைத் தலைகள் எல்லாம் இளஞ்சிவப்பில் மிதந்தன. இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறேனோ என்று என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். தலைமையாசிரியர் ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புழுக்கம் என்று யாரோ மின்விசிறிகளைப் போட, முக்கோணங்கள் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகத் திரும்பின. தலைகள் நிமிர்ந்தன. பெற்ற பிள்ளையின் கையெழுத்து தெரியாமலா போகும்? ஓர் அப்பா தன் மகனின் சாய்ந்த எழுத்தைக் கண்டுபிடித்து, மனைவிக்குப் பெருமையாகக் காட்டப் போய், சொல்லைப் படித்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். உடற்பயிற்சி ஆசிரியர் மைதானத்தில் உரிமையோடு வழங்கும் 'பொட்டை' என்ற பட்டம் பாதிக் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "எந்தப் பய எழுதினான் இத?" என்று அவரே என்னிடம் பாய்ந்தார். "நீங்க சொல்றதுதான் சார். பசங்க கேட்டத எழுதியிருக்காங்க" என்றேன். அவர் விசிலை வாயில் வைத்து, ஊதாமலே எடுத்துவிட்டார்.

கடைசி வரிசையில் கோல்கீப்பரின் அம்மா இருந்தார். தையல் கடை வைத்திருப்பவர். 'ஆம்பளச்சி'யில் தொடங்கி, உங்களுக்கு நான் எழுத முடியாதவை வரை எல்லாவற்றையும் எழுந்து நின்று படித்தார்.

"இதெல்லாம் எம் பொண்ணையா சார் சொன்னாங்க?"

"பல பேரச் சொல்றதும்மா. அவளையும்தான்."

"எங்கிட்ட வயித்துவலின்னுதான் சொன்னா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று அத்தை. உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு தாயைச் சபை நடுவே அழ வைத்துவிட்டேன்.

எனவே என் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளவும். முக்கோணங்களை இறக்கிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் டி.சி.யில் உடனே கையெழுத்திட்டு அனுப்பவும். வேறு பள்ளியிலாவது நிம்மதியாகப் படிக்கட்டும். இந்தப் பாடத்தை இனி யாரும் இங்கு நடத்த வேண்டாம் என்பது என் பணிவான கருத்து.

மாமாவுக்கு வணக்கம். வாண்டுகளுக்கு முத்தம்.

உங்கள் திட்டையே ஆசியாக ஏற்றுப் பழகிய,
அண்ணன் மகன்

பி.கு.: வணக்கத்தையும் முத்தத்தையும் தவிர மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். இன்று காலை பள்ளியிலிருந்து இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது கோல்கீப்பர் அம்மாவோடு வந்து நின்றாள். "சொன்னவங்க எல்லாம் இங்கயே இருக்காங்க. நான் எதுக்கு சார் வேற ஸ்கூலுக்குப் போகணும்?" என்றாள். "நானும் அதத்தான் கேக்கறேன்" என்றார் அம்மா. ஆகையால் டி.சி. வேண்டாம், ராஜினாமாவும் வேண்டாம், பாடம் அடுத்த வாரமும் உண்டு. முக்கோணங்களை இறக்கச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவு. ஏணி இருக்கும் அறையின் சாவி தொலைந்துவிட்டது என்று உடற்பயிற்சி ஆசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றாள். பக்கத்து வகுப்புக்கே கேட்டிருக்கும்.