போம் அண்ணையிடம் ஒளித்த இரண்டு மாதம்

மாலை ஐந்து இருபதுக்கு மருந்துக்கடைப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுத்து, "உங்கள் பெயர் எந்த மருந்துக் காப்புறுதியிலும் இல்லையே, ஐயா" என்று பிரெஞ்சில் சொன்னாள். அந்த நிமிடம் எனக்குத் தேவைப்பட்ட ஒரே மனிதர், இரண்டு மாதமாக நான் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்த போம் அண்ணை.

எங்கள் சனம் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் நிரப்பாத படிவம் இன்னும் அச்சடிக்கப்படவில்லை; படிவத்தை நாங்கள் 'போம்' என்போம், அவர் பெயர் அப்படி வந்தது. சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கும் கடையில், இயந்திரங்களுக்கு நடுவே மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். தன் பேனையை யாருக்கும் தொடத் தரமாட்டார். குரல் அந்த இரைச்சலை வென்று பழகியது. "மூலத்துக்குப் பூசுற மருந்தும் லிஸ்டிலை இருக்கு, பயப்பிடாதையுங்கோ மாஸ்டர்!" என்று அவர் ஒருவருக்குச் சொன்ன ஆறுதல் எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது.

ஒரு கலியாணத்தில் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட மேடையேறியவர், அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே மணப்பெண்ணை விசாரித்தார்.

"பிள்ளை, உம்மட வேலையிலை மருந்து இன்சூரன்ஸ் இருக்கோ?"

"ஓம், மாமா."

"அப்ப மாப்பிள்ளையையும் அதுக்கை சேர்க்கவேணும். இனி அவர் அரசாங்கத்தின்ரை திட்டத்திலை நிக்கேலாது. சட்டம்!"

"அண்ணை, கமராவைப் பாருங்கோ" என்றான் படம் எடுப்பவன்.

"பாக்கிறன். உமக்கு இருக்கோ?"

"வேலை போனா அண்டைக்கே என்னட்டை வாங்கோ. அரசாங்கம் தன்ரை பாட்டிலை சேர்க்காது, நாங்கள்தான் பதியவேணும்" என்று அண்ணை காண்பவர்களுக்கெல்லாம் சொல்லுவார். அதை அவரைப்போலவே சொல்லிக்காட்டி ஊரைச் சிரிக்கவைத்தவன் நான்.

சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் எனக்கு வேலை போனது; அதோடு அங்கிருந்த காப்புறுதியும் போனது. எங்கள் சனம் வேலை போனதை வெளியே சொல்லாது. நானும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு மெட்ரோ ஏறி, நூலகத்தில் இருந்துவிட்டு மாலையில் திரும்புவேன். மனைவிக்கு மட்டும் தெரியும். அண்ணைக்குச் சொன்னால் தோய்க்கும் கடை முழுக்கத் தெரிந்துவிடும். டொக்டரைப் பார்க்க அரசாங்கம் தந்த மருத்துவ அட்டைதான் இருக்கிறதே, மருந்தையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மகளுக்குப் பதினொரு வயது. மூட்டுவாதம். இரண்டு கிழமைக்கு ஓர் ஊசி. அதன் விலை, என் காரை விற்றாலும் கிடைக்காது. தவறினால் முழங்கால் வீங்கும், மூன்றாம் மாடியிலிருந்து தூக்கித்தான் இறக்கவேண்டும். வேலை இருந்தபோது வாங்கிவைத்த கடைசிப் பெட்டி முடிந்துவிட்டது. அடுத்த ஊசி அன்றிரவு. பதிவு செய்யாதது நான், நோகப்போவது அவளுக்கு.

"ஏன் அப்பா, தரமாட்டினமாம்?" என்று கடையில் என் பக்கத்தில் நின்ற மகள் கையைப் பிடித்தாள்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன். வேலை போனதைச் சொன்னேன். "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நிமிடத்தில், பனிக்குள்ளால் வீட்டுச் செருப்போடு வந்து நின்றார். கடைப் பெண்ணிடம் பிரெஞ்சில் கதைத்தார். ஒரு நாள் பிந்தினால் ஆபத்தில்லை, பதிவு சரியானதும் ஊசியைத் தருகிறேன் என்றாள் அவள். அண்ணை என் தொலைபேசியை வாங்கி, அரசாங்கத் திட்டத்துக்கான பதிவை அங்கேயே நிரப்பினார். ஏச்சு விழும், கடை முழுக்கக் கேட்கும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவர் மகளின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் வேலைக்குப் போறேல்லை எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். கேப்பமெண்டு ரெண்டு தரம் உங்கட வாசல் வரைக்கும் வந்தனான். வெக்கப்படுவீர் எண்டு திரும்பிப் போட்டன். பிழை விட்டிட்டன், ராசா. கதவைத் தட்டியிருக்கவேணும்."