மூன்றாம் நாள் கையெழுத்து

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும் என்று ஆசீர்வாதத்திடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையிலேயே அவர் பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டியில் அவர் இருபத்திரண்டு வருடம் உழைத்த உருக்காலை மூடிய பிறகு, அதே கொட்டகையில் ஒரு பயிற்சி மையம் வந்தது. வெளிநாட்டுப் படைகளுக்கு ஆலோசகர்களாகப் போகும் நம் ராணுவ அதிகாரிகள் அங்கே பழகிப் பார்ப்பார்கள். அந்நிய நாட்டுக் கர்னலாக நடிப்பது ஆசீர்வாதம். அதிகாரி எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்று இழுத்தடிக்க வேண்டும். சோதனைச் சாவடியை இடம் மாற்றச் சொல்லி அவர் நீட்டும் உத்தரவுத் தாளில் ஐந்தாம் நாள்தான் கையெழுத்துப் போட வேண்டும். போன முறை சொந்தக் கதையைச் சொல்லி, மனம் இளகி, நான்காம் நாளே போட்டுவிட்டார். ஐம்பத்தாறு வயதில் வேறு எந்தக் கம்பெனி கேட் திறக்கும்?

இந்த முறை வந்தவர் கேப்டன் வசந்தகுமார். முதல் நாள் அதட்டினார். ஆசீர்வாதத்துக்கு நிம்மதியாகிவிட்டது. அதட்டுகிறவர்களைத் தட்டிக்கழிப்பது அவருக்குக் கைவந்த கலை.

இரண்டாம் நாள் கேப்டன் பணிவாகிவிட்டார். முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆசீர்வாதம் கறுப்புக் கண்ணாடி மாட்டினார். கண்வலி என்று நினைத்துக் கேப்டன் சொட்டு மருந்து வாங்கி வந்தார். டீ குடித்தால் பேச்சு வளரும் என்று ஆசீர்வாதம் டம்ளரைத் தள்ளி வைத்தார். கேப்டனும் குடிக்காமல் எதிரில் உட்கார்ந்தார். சரி, வாயையே திறக்கக்கூடாது என்று ஆசீர்வாதம் முடிவெடுத்தார். அதுதான் பெரிய தப்பு. மனைவி போன பிறகு வீட்டிலும் இதே மௌனம்தான். இங்கேயும் அதைத் தாங்க அவரால் முடியவில்லை. மூலையில் உட்கார்ந்து எப்போதும்போல் எல்லாவற்றையும் குறிப்பெடுக்கும் கிளார்க் சுமலதாவின் பேனா சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் கேப்டன் அந்தத் தாளை எடுக்கவே இல்லை.

“உங்க பொண்ணு ஸ்நேகா எப்படி இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றினார். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் மூன்று மாதமாகப் போனை எடுப்பதில்லை.

“இன்னா தப்பு பண்ணேன்னு சொன்னாகூட போதும் சார். அதான் தெரியாம ஒக்காந்துக்கினு கீறேன்.”

கேப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விட்டபோது தாளில் கையெழுத்து இருந்தது.

கேப்டன் தேறிவிட்டார். அன்று மாலையே ஆசீர்வாதத்தின் கணக்கை முடித்துவிட்டார்கள். சீருடையைச் சுமலதாவிடம் ஒப்படைத்தபோது அவர் முகத்தில் வருத்தமே இல்லை.

“வேல போனா போவுதும்மா. மில்லு மூடுனதுல இருந்து எம்பொண்ணு பேரச் சொல்லி விசாரிச்ச ஒரே மனுசன் அவருதான்.”

சுமலதா சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“போன தடவ நீங்க சொன்னதயெல்லாம் நான் எழுதிக் குடுத்தேன்ல, அது இப்ப பாடப் பொஸ்தகத்துல மூணாம் நாள் கேள்விண்ணா. அடுத்த வாரம் வர்ற புது கர்னலுக்கும் பொண்ணு பேரு ஸ்நேகாதான்.”