ஓரமாய் நிற்கும் நிபுணர்

எந்த வேலை நடந்தாலும், அதில் தமக்கு ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், ஓரமாய் நின்று திருத்தம் சொல்லும் ஓர் இனம் எங்கள் குடாநாட்டில் செழித்து வளர்கிறது. கூரை வேய்ந்தால் சாய்வு பிழை. குழந்தையைக் குளிப்பாட்டினால் பிடி பிழை. ஊசி போட்டால் கையே பிழை. நாற்பது வருடம் தாதியாக இருந்தவள் நான். நோயாளிகளைவிட, கட்டிலருகே நின்ற இந்த இனத்தைச் சமாளித்த நேரம்தான் அதிகம்.

அதன் முழு வளர்ச்சியை நீர்வேலியில் ஒரு படப்பிடிப்பில் கண்டேன். அகலத்திரைப் படம். இயக்குநர் பிரசாந்தி. காட்சி செத்தவீடு. பிரேதமாக நடித்த தம்பிராசாவுக்கு நீரிழிவு. அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். படப்பிடிப்பு நடந்த பழைய வீட்டை இடிக்க மறுநாள் இயந்திரம் வருகிறது. பொழுதுபடுமுன் எடுத்தால்தான் காட்சி. இல்லாவிட்டால் படமே இல்லை.

கமரா ஓடத் தொடங்கியதும் அயல்வீட்டுச் சீவரத்தினம் வந்தார்.

“பிள்ளை, தலை தெற்கையெல்லோ இருக்கவேணும்?”

“அப்பிடி வைச்சால் அழுகிறவை கமராவுக்கு முதுகு காட்டுவினம், ஐயா. அங்காலை நில்லுங்கோ.”

“ஓரமாத்தானே நிக்கிறன்.”

“இந்தப் படத்திலை ஓரமும் படந்தான்!”

இரண்டாம் முறை, ஒப்பாரி வைத்த பெண்களுக்கு மாரடிக்கக் காட்டிக்கொடுக்க வந்தார். மூன்றாம் முறை, குத்துவிளக்கை நகர்த்த வந்தார். குழப்புகிறோம் என்று நினைத்தாரா? எப்படி நினைப்பார்? உதவுகிறார் அல்லவா!

நான்காம் முறை பிரேதமே எழுந்து உட்கார்ந்தது. “உன்னாலை எனக்கு நிம்மதியாச் சாகவும் ஏலாமல் கிடக்கடா!”

தம்பிராசாவுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு கொடுத்தேன். மாலை வெயில் வாழைத் தலைப்புக்கு ஏறிவிட்டது. பிரசாந்தியின் கண் கலங்கியது.

“உவரைக் கிடத்து, பிள்ளை,” என்றேன், சீவரத்தினத்தைக் காட்டி. “தூரத்துக் காட்சிதானே? ஆர் முகத்தைப் பாக்கப்போயினம்?”

சீவரத்தினம் மறுக்கவில்லை. நடுவில் இடம் கொடுத்தால் இந்த இனம் எப்போது மறுத்திருக்கிறது? வேட்டியைச் சரிசெய்துகொண்டு படுத்தார். படுத்ததும், “உந்தப் பூமாலை...” என்று தொடங்கினார்.

பிரேதத்தின் வாய் திறவாதிருக்கத் துணியால் நாடிக்கட்டுக் கட்டுவது வழக்கம். கட்டினேன். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினேன்.

வெளிச்சம் மங்குமுன், ஒரே முறையில் காட்சி முடிந்தது.

வாசகரே, ‘இவள் பிழையாகச் சொல்கிறாள், எங்கள் ஊரில் நாடிக்கட்டுக் கட்டுவது இப்படியில்லையே’ என்று உங்கள் வாய் சற்றே திறந்ததா?

வந்து படுங்கள். துணி மிச்சமிருக்கிறது.