வெண்பதி நாட்டின் பாவித் தேர்தல்

வெண்பதி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். மடிக்கிற இடத்தில் அச்சானதால் கிழிந்து போயிற்று. அதை ஆண்ட மாசிலாமணி மன்னர் பட்டமேற்ற அன்றே ஒரு சட்டம் போட்டார்: "இன்று முதல் என் நாட்டில் பாவம் கிடையாது."

பாவமே இல்லாத நாட்டில் மன்னிப்பு எதற்கு? தூய்மைத் துறை அமைச்சர் அமலதாசர் அந்தச் சொல்லையும் தடை செய்தார். சந்தையில் ஒருவன் இன்னொருவன் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சிருங்க" என்று சொல்ல முடியாமல் விழித்தான். அந்தச் சண்டை ஏழு ஊருக்குப் பரவி, நாற்பது கல்யாணங்களை நிறுத்தி, ஒரு மாட்டுச் சந்தையையே மூடவைத்தது. புருஷன் பெண்டாட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் பழகினார்கள்.

"சண்டை பெருகிவிட்டதே?" என்றார் மன்னர்.

"மன்னா, குடிமக்கள் அனைவரும் தூயவர்கள்" என்றார் அமலதாசர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆகவே குற்றமெல்லாம் யாரோ ஒருவரிடம்தான் இருந்தாக வேண்டும். அவர் யாரென்பதை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும்."

இப்படிப் பிறந்தது பாவித் தேர்தல். ஆண்டுக்கொரு முறை ஆளுக்கோர் ஓலையில் ஒரு பெயர் எழுதிக் குடத்தில் போட வேண்டும். அதிக ஓலை பெற்றவரை ஆற்றுக்கு அக்கரைக்குத் துரத்தினால் நாடு சுத்தம். சமமாகப் பெற்றவர்கள் இருந்தால் அத்தனை பேரும் போக வேண்டும். துரத்துவதில் அமைச்சர் கஞ்சத்தனம் காட்டுகிறவரல்லர். மன்னர் மட்டும் ஓலை எழுதுவதில்லை. எண்ணுவதோடு சரி. பத்து ஆண்டுகளில் பத்துப் பேர் போனார்கள்.

பதினோராம் ஆண்டு, ஏரி மடைக்குக் காவலிருந்த ராக்கினி, தூய்மைத் திருநாளுக்கு இலவச அல்வா என்று கேள்விப்பட்டு மடையை அடைக்காமலே ஓடினாள். வரிசையின் நீளம் மூன்று காதம். அவள் முறை வந்தபோது அல்வா தீர்ந்திருந்தது, ஏரியும்தான். ஊர்ப் பயிர் முழுக்க முங்கிப்போயிற்று.

அமலதாசர் நேராக மடைக்குப் பக்கத்து வயல்காரர் யாகப்பனைக் கைகாட்டினார். "இவர் சிரித்து யாராவது பார்த்ததுண்டா?" யாரும் பார்த்ததில்லை. மனிதருக்கு ஆறு வருடமாகப் பல்வலி.

ஒரு வாரம் ராக்கினிக்குச் சோறு இறங்கவில்லை. தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் யாகப்பன் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, மடையை அடைக்காமப் போனது நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

கன்னத்தைப் பிடித்திருந்த யாகப்பன் துள்ளி எழுந்தார். "அந்த வார்த்தையைச் சொல்லாத தங்கச்சி! காவக்காரன் காதுல விழுந்தா அள்ளிட்டுப் போயிருவான்."

"அள்ளட்டும். எனக்குப் பதிலா நீங்க போகவா?"

அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "எத்தனை வருஷமாச்சு அதைக் கேட்டு! இன்னொரு தடவ சொல்லு பாப்போம்."

சொன்னாள்.

"சரி, மன்னிச்சாச்சு. போய் வயிறாரச் சாப்பிடு."

அவள் சாப்பிடப் போகவில்லை. நேரே சந்தைக்குப் போய் உப்பு மூட்டை மேல் ஏறி நின்றாள். "மடையைத் திறந்துபோட்டவ நான். என் பேரையே எழுதுங்க!"

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு தானியக் கடைக்காரர் கனைத்தார். "உன் தப்பு மடையோட நின்னுது. நான் அளக்குற மரக்காலுக்கு உள்ளடியில மெழுகு ஒட்டி அளவைக் குறைச்சிருக்கேன், தாயி. அதுக்கு யார் பேரை எழுத?"

"உங்க பேரைத்தான், பெரியவரே. என்னுது என்னோட, உங்களுது உங்களோட!"

அப்புறம் யாராலும் தடுக்க முடியவில்லை. பிடிக்க வந்த காவலாளியே, முந்தின வருடம் மச்சான் பெயரை வேண்டுமென்றே எழுதியதாகச் சொல்லித் தேம்பினான். ஊரே கட்டிப்பிடித்து அழுது சிரித்ததில் சந்தைப் பந்தல் சரிந்தது.

தேர்தலன்று மன்னர் குடத்தைக் கவிழ்த்தார். ராக்கினி, ஒன்று. யாகப்பன், ஒன்று. தானியக் கடைக்காரர், ஒன்று. லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேருக்கும் ஆளுக்கு ஒன்றே ஒன்று. கடைசி ஓலையில் அமலதாசர் பெயர் இருந்தது.

"இதை எழுதிய துரோகி யார்?" என்றார் மன்னர்.

"நான்தான், மன்னா." அமைச்சர் தலைப்பாகையைக் கழற்றினார். "பத்துப் பேர் முகமும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

அனைவரும் சமம், சட்டப்படி அனைவரும் வெளியே. கொட்டு மேளத்தோடு நாடே ஆற்றைக் கடந்தது. அக்கரையில் அந்தப் பத்துப் பேரும் காடு திருத்தி, கம்பு விதைத்து வாழ்ந்திருந்தார்கள். அமலதாசர்தான் முதலில் இறங்கி அவர்கள் காலில் விழுந்தார். "எந்திரியும் ஐயா, பசியா இருப்பீரு" என்று அவர்கள் கூழ் ஊற்றினார்கள்.

வெண்பதியில் பாவிகள் ஒருவரும் இல்லை என்று மன்னர் தாமே தமுக்கடித்து அறிவித்தார். தாமே கேட்டுக்கொண்டார்.

மறு ஆண்டு தேர்தல் நாள் வந்தது. சட்டத்தைக் கைவிட முடியுமா? ஓலை எழுத இந்த முறை அவரைவிட்டால் ஆளில்லை, எழுதவும் வேறு பெயரில்லை.

அக்கரையில் ராக்கினி விடியற்காலையிலேயே படகை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கூட்டிவரப் போற?" என்றார் யாகப்பன். பல்வலி போய், சிரித்துச் சிரித்தே ஊரைத் தொல்லை செய்கிற மனிதராகியிருந்தார் அவர்.

"மன்னரைத்தான். நீங்க உலையில ஒரு பிடி கூடப் போட்டு வைங்க, அண்ணாச்சி."