சென்சார் அண்ணாச்சி தந்த இன்டர்நெட்

இன்டர்நெட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர், எங்கள் விருதுநகர் சென்சார் அண்ணாச்சி.

அவர் கேபிள் டிவிக்காரர். இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே ஒயரில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட்டும் கொடுத்தார். தெருமுனை பிரவுசிங் சென்டருக்கும் அவர் ஒயர்தான். குடும்பத்தோடு பார்க்கக்கூடிய வெப்சைட் மட்டும்தான் வரும். வேறு வேண்டுமென்றால் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர், மதினி, இரண்டு மகள்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, புதுப்படம் பார்ப்பதுபோல் கடைசிவரை பார்ப்பார்கள். பெரிய மகள் இங்கிலீஷுக்கு அர்த்தம் சொல்லுவாள். கேபிளில் படம் போட்டே பழகியவர் என்பதால், எதற்கும் ஒரு ‘சுபம்’ உண்டென்று நினைத்தார்.

சமையல் வெப்சைட் ஒன்றை மீன்குழம்பு வரை படித்துவிட்டு, கருவாட்டில் ஒரு மாதம் நின்றுவிட்டார்கள். சிவகாசிக்காரர் ஒருவர் பட்டாசு லேபிள் டிசைன் பார்க்கக் கேட்டதற்கு, அதிலிருந்த பெண்ணுக்கு முதலில் தாவணி போட்டுவிட்டு வரச் சொன்னார்.

என் அப்பா அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வெடிமருந்துப் பக்கமே என்னை விடக்கூடாது என்றுதான் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அவர்கள் வெப்சைட்டில் சனிக்கிழமைக்குள் சம்மதம் பதிய வேண்டும். திங்கட்கிழமை சீட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வரை பேச்சுமூச்சில்லை. நேரில் போனேன்.

“இன்னும் முடியலை தாயி. ஒண்ணை அமுக்குனா ஒம்பது வருது. ஒரு போட்டோவுல ஆம்பளையும் பொம்பளையும் கைகுலுக்குறாக. ஒங்க மதினி யோசிக்கிறா.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நாளைக்குள்ள பதியலைன்னா போச்சு அண்ணாச்சி. அப்புறம் நானும் அப்பா மாதிரி பட்டாசுக் கம்பெனி வேன்லதான் ஏறணும்.”

பதறிப்போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பாதியில் திறந்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து பதிந்தேன்.

ஆனால் படிப்பதை அவர் விடவில்லை. நான் சென்னை கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, கம்பெனியை யார் ஆரம்பித்தார், எத்தனை கிளை, என்ன தயாரிக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நேர்முகத்தில் முதல் கேள்வியே, எங்களைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான். அண்ணாச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்ட அதிகாரிக்கே அதில் பாதி தெரியாது போலிருந்தது. வேலை கிடைத்தது.

சேர்ந்த வாரம் அவருக்குப் போன் செய்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, நேர்முகம் எப்படி என்றும் கேட்கவில்லை.

“பொம்பளப் பிள்ளைகளை வீட்டுல கொண்டுபோய் விட வண்டி உண்டுன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருந்தாக. வண்டி வருதா தாயி?”

வருகிறது என்றேன். அந்த மனிதரைத்தான் நான் தெரு முழுக்கக் கேலி செய்துகொண்டு திரிந்தேன்.