கோடு முழுசா நிக்குது, லைன் ஊருது

செமிலிங் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பு. அதில் கடைசி வரிசை, மூன்றாவது வீடு. அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம், ஆறிப்போன மீன் குழம்பைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைவேலு ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார்.

இனி பொறுப்பதில்லை!

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு திருகாணி நகராது. மேனேஜரே வந்தாலும் பாரத்தை நிரப்பச் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் வாரத்தில் மூன்று நாள் தன் தட்டில் தானே சோறு போட்டுக்கொள்கிறார். குழம்பைத் தானே சுட வைக்க வேண்டும். வைக்க மறந்தால் ஆறினதைத் தின்ன வேண்டும். இன்றைக்கு மறந்துவிட்டார்.

காரணம், ஹாலின் மூலையில் ஒரு முக்காலியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி லோகேஸ்வரி. இருபத்திரண்டு வருஷம் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் நின்ற பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு வாரம் சும்மா இருந்தாள். அடுத்த வாரம் ஏதோ கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். செவ்வாய், வியாழன், வெள்ளி. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. என்ன கம்ப்யூட்டர் வகுப்பு என்று குழந்தைவேலு கேட்கவில்லை. டைப் அடிக்கப் பழகுகிறாள் போல என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

வகுப்பை நிறுத்து என்று நேராகச் சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. ஆனால் அந்தத் தைரியம் தொழிற்சாலை கேட்டைத் தாண்டி வருவதில்லை.

அதனால் வேறு வழி பார்த்தார். மறுநாள் மத்தியான இடைவேளையில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. வீட்டு வைஃபை பெட்டிக்குள் போய், எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் என்று நாமே வரம்பு போடலாமாம். டேங்க் நிறைய தண்ணீர் இருக்கும். குழாயை மட்டும் நூல் அளவுக்குத் திருகிவிடலாம். சிக்னல் கோடு நாலும் முழுசாக நிற்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

அன்று மாலை லோகேஸ்வரி கடைக்குப் போன நேரம் பார்த்து பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாஸ்வேர்ட் இருந்தது. உள்ளே நுழைந்தார். ‘லோகா லேப்டாப்’ என்ற பெயரைக் கண்டுபிடித்தார். நூறாக இருந்த வேகத்தை ஒன்று என்று மாற்றினார். விரித்தாயிற்று வலை. ஒரு சீட்டியும் அடித்தார்.

வியாழக்கிழமை ஏழரை.

“ஏங்க! இங்க வந்து பாருங்களேன். கோடு முழுசா நிக்குது, லைன் மட்டும் ஊருது. லெக்சரர் வாயத் தொறந்தாரு. இன்னும் மூடல.”

“கொட்டாவி விடறாரோ என்னமோ.”

“அஞ்சு நிமிசமாவா?”

“லைன்னா அப்படித்தான்லா இருக்கும். பேசாம விட்ரு. அடுத்த வருசம் சேந்துக்கலாம். வா, சோத்தப் போடு.”

“லைனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“எனக்கா? மெர்போக் தோட்டத்து லைன் வீட்டுல பொறந்தவன் நானு! எனக்கே லைனப் பத்திச் சொல்லித் தரியா?”

லோகேஸ்வரி அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அதில் இருபத்திரண்டு பேர் பந்தை விரட்டிக்கொண்டு தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்ச் சோறு போட்டாள். குழம்பு சுடச்சுட இருந்தது. ரசத்துக்கு அப்பளம்கூட வந்தது.

குழந்தைவேலு மூன்று தட்டுச் சாப்பிட்டார். வெற்றி பசியைக் கிளப்பும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் லோகேஸ்வரி கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“யோசிச்சுப் பாத்தேங்க. சிக்னல் வர வழியில இரும்பு இருந்தா லைன் செத்துப் போயிடுமாம். ஹால்ல நிக்குதே உங்க இரும்பு அல்மாரி, அத உள் ரூமுக்குத் தள்ளிடலாமா?”

அந்த அல்மாரியைத் தள்ளச் சொல்லி அவள் மூன்று வருஷமாகக் கேட்கிறாள். கேட்கும்போதெல்லாம் குழந்தைவேலுவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் லேசாகப் பிடித்தது. ஆனால் மாட்டேன் என்றால், ஏன் என்பாள். அல்மாரியால் இல்லை என்றால், பின்னே எதனால் என்பாள். எதனால் என்று இந்த வீட்டில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளால் சொல்ல முடியாது.

சனிக்கிழமை, பக்கத்து வீட்டு இஞ்ஞாசிமுத்துவைத் துணைக்கு அழைத்து அல்மாரியைத் தள்ளினார்கள். குழந்தைவேலு நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

“தள்ளியாச்சு. ஒன்னும் மாறியிருக்காது, பாத்துக்க” என்றார்.

லோகேஸ்வரி லேப்டாப்பை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு திருப்பிக் காட்டினாள். வேகம் அளக்கும் முள் மெல்ல ஏறி மூன்றில் நின்றது.

குழந்தைவேலு எழுந்து உட்கார்ந்தார். அது ஏறாது. ஏறவே கூடாது. அவர் போட்டது ஒன்று!

“பாத்தீங்களா! அல்மாரிதான்” என்றாள் லோகேஸ்வரி. “அப்ப பெட்டிக்குப் பின்னால இருக்கற ஸ்டோர் ரூமையும் காலி பண்ணிட்டா?”

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ரூம் காலியானது. பிறகு பழுது பார்க்கலாம் என்று அவர் சேர்த்து வைத்த நான்கு காற்றாடி, ஒரு வாஷிங் மெஷின், ஒரு ஸ்பீக்கர், இரண்டு கால் போன கட்டில், எல்லாம் பழைய இரும்பு லோரியில் ஏறிப் போயின. முள் ஐந்துக்கு வந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம் அவள் மீன் தொட்டியைப் பார்த்தாள். குழந்தைவேலு எழுந்து போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். நாலடித் தொட்டி. அதில் நெற்றி புடைத்த சிவப்பு மீன் ஒன்று. அவர் கையால் இறால் கொடுத்தால்தான் அது வாய் திறக்கும்.

“தண்ணி சிக்னலக் குடிச்சிடுமாம்ங்க.”

“யாரு சொன்னா?”

“நெசமாத்தான். வேணும்னா கேட்டுப் பாருங்க.”

யாரைக் கேட்பது? தொட்டி கார் நிறுத்தும் இடத்துக்குப் போனது. மீன் அவரைத் திரும்பிப் பார்த்தது. முள் எட்டில் நின்றது.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் இரண்டு பேரைப் பிடித்து வைத்து, இரும்பும் தண்ணீரும் வைஃபைக்கு எப்படி எதிரி என்று அரை மணி நேரம் விளக்கினார் குழந்தைவேலு. வரம்பு போட்டது தானேதான் என்பது அவருக்கே பாதி மறந்துவிட்டது.

புதன்கிழமை லோகேஸ்வரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் கைபேசி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

“ஏங்க, எனக்கு இண்டர்வியூ வந்திருக்கு. பினாங்குல இண்டர்நெட் கம்பெனி. போன்ல வர்ற புகாரு பாக்கற வேல. வீட்லருந்தே செய்யலாமாம். நாப்பத்தேழு வயசுல எவன் கூப்புடுவான்னு நெனச்சிருந்தேன். கூப்புட்டுட்டாங்க. சனிக்கிழம பத்து மணிக்கு, வீடியோவுல.”

“வீடியோவுலயா?”

“ஆமா. லைன் மட்டும் ஒழுங்கா இருந்தா போதும்.”

அவள் அழவில்லை. ஆனால் கைபேசியில் வந்திருந்த செய்தியை மூன்றாவது தடவையாகத் திறந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் எதையும் இரண்டாம் தடவை சரிபார்த்து அவர் கண்டதில்லை. வேலை போன அன்றுகூட அவள் நேராக வந்து துணி காயப் போட்டவள்.

குழந்தைவேலுவுக்கு அன்றைக்குச் சுடு சோறு தொண்டையில் இறங்கவில்லை. போட்ட வரம்பை எடுத்துவிட வேண்டும். உடனே. அவள் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்து, பாஸ்வேர்டைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

தவறான பாஸ்வேர்ட் என்றது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடித்தார். தவறு. வேட்டி நுனியால் காகிதத்தையே துடைத்துவிட்டு அடித்தார். தவறு. முருகா!

வியாழக்கிழமை நிலைமை இன்னும் மோசம். அவருடைய கைபேசியும் படுத்துவிட்டது. கோடு நாலும் முழுசாக நின்றது. பந்து விளையாடுகிறவர்கள் மட்டும் காலைத் தூக்கியபடியே நின்றார்கள். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தன் கையால் வைத்த நோய் வீடு முழுக்கப் பரவிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். மனைவியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக இஞ்ஞாசிமுத்து வீட்டுக்குப் போனார்.

“தம்பி, ஒரு உதவி. நாளைக்கு ஒரு மணி நேரம் லோகா உங்க வீட்ல உக்காந்து இண்டர்வியூ குடுக்கட்டுமா? எங்க லைன் சரியில்ல.”

இஞ்ஞாசிமுத்து சிரித்துவிட்டார். “என்னா அண்ணே, வெளயாடுறீங்களா? நேத்து அக்காதான் எங்க லைனயே சரி பண்ணிக் குடுத்தாங்க. இந்த வரிசையில எல்லா வீடும் ஒரே சேனல்ல ஓடுதாம். கோடு நிக்கும், ஆனா நெரிசல்ல ஊருமாம். ரெண்டு நிமிசத்துல மாத்தி விட்டாங்க. எங்க வீட்டுக்காரி கேதரின் அசந்து போயிட்டா. அக்கா படிக்கறதே அதானே? நெட்வொர்க் கோர்ஸ். கிளாஸ்ல அவங்கதான் முதல் மார்க்காம். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்லா” என்றார் குழந்தைவேலு.

தெரியாது.

சனிக்கிழமை காலை. பசியாறுவதற்குத் தோசை சுடும் வேலையைத் தானாகவே ஏற்றுக்கொண்டு குசினியில் நின்றார். கைலி, பனியன், கையில் தோசைத் திருப்பி. லோகேஸ்வரி நீலப் புடவை கட்டி, தலைக்கு மேல் கொண்டை போட்டு வந்து நின்றாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

“லோகா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உன் லைன...”

“தெரியும். தோச தீயுது, திருப்புங்க.”

திருப்பினார். “தெரியுமா? எப்பருந்து?”

“மொத நாளு எட்டே காலுக்கே தெரியும். உங்களுக்குச் சோத்தப் போட்டுட்டுப் போயி, லேப்டாப்புல கேபிள் சொருகிப் பாத்தேன். பறந்துச்சு. அப்ப வெளியிலருந்து வர்ற லைன்ல குத்தமில்ல. உங்க போனும் அதே ஹால்ல, அதே வைஃபையில பறக்குது. அப்ப வைஃபையிலயும் குத்தமில்ல. என் லேப்டாப்புக்கு மட்டும்தான் நோவு. பெட்டிக்குள்ள போயிப் பாத்தா, எம்பேருக்கு நேரா ஒன்னுன்னு போட்டிருக்கு. இந்த வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. நான் போடல.”

“அப்ப பாஸ்வேர்டு?”

“மாத்திட்டேன்.”

“என் போனு?”

“அதுல நான் ஒன்னு போட்டேன். ரெண்டு நாளைக்குத்தான். எப்படி இருக்குன்னு உங்களுக்கும் தெரியணும்ல.”

“அல்மாரிய நவுத்துனா ஏறிச்சே!”

“நான் ஏத்துனேன்.”

குழந்தைவேலு ஹாலைத் திரும்பிப் பார்த்தார். அல்மாரி நின்ற இடமும் மீன் தொட்டி நின்ற இடமும் சேர்ந்து ஒரு மூலை உருவாகியிருந்தது. அந்த மூலையில் ஒரு புது மேசை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மேசை மேல் லேப்டாப், விளக்கு, ஒரு கட்டு நோட்டு. ஸ்டோர் ரூமில் அவளுடைய புத்தக அலமாரி. பத்து நாளில், அவர் முதுகைக்கொண்டே, அவள் ஓர் ஆபிஸ் கட்டி முடித்திருந்தாள்.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தார், வரவில்லை. வந்ததெல்லாம் வியப்புதான். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டா இவள் இருபத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியைத் திருகினாள்? அந்த மூளைக்கு அவர் போட்ட வரம்பு ஒன்று!

“நல்லா செய்யி” என்றார். அடுத்த தோசையும் தீய்ந்தது.

பத்து மணிக்கு இண்டர்வியூ தொடங்கியது. திரையில் ஒரு மலாய் அம்மா, ஒரு தமிழ் அதிகாரி. பேச்செல்லாம் மலாயில். குழந்தைவேலு குசினித் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு காதைத் தீட்டினார்.

“நீங்களாகக் கண்டுபிடித்துச் சரிசெய்த கோளாறு ஏதாவது உண்டா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“உண்டு, புவான். ஒரு வீட்டில் சிக்னல் முழுசாக இருந்தது. வேகம் இல்லை.” லோகேஸ்வரி கேபிளிலிருந்து வரம்பு வரைக்கும் படிப்படியாகச் சொன்னாள். ஒரு தடுமாற்றம் இல்லை.

“அந்த வரம்பை யார் போட்டது?”

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார். மானம் போகப் போகிறது. பினாங்கு வரைக்கும் போகப் போகிறது.

“அந்த வீட்டில் ஒரு பாக்சிக் இருக்கிறார், புவான். வயசானவர். என்ன ஏது என்று தெரியாமல் எதையோ அமுக்கிவிட்டார், பாவம்.”

வயசானவரா! தெரியாமலா! வீடியோ பார்த்து, நேரம் பார்த்து, திட்டம் போட்டுச் செய்த வேலையை ஒரு கிழவனின் கைத்தவறு ஆக்கிவிட்டாளே! மீசைக்கு மை தீட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதிர்ப்புத் தெரிவிக்கிற வேகத்தில் குழந்தைவேலு குசினி வாசலைத் தாண்டி ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்.

“அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவீர்கள்?” என்றார் தமிழ் அதிகாரி.

“தப்பு அவர் மேல் என்று சொல்ல மாட்டேன், சார். செய்வதற்கு நாலு வேலை கொடுப்பேன். அவர் செய்து முடிப்பதற்குள் நான் சரிசெய்துவிடுவேன். தன்னால்தான் சரியானது என்று நினைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே வேலை கிடைத்துவிட்டது. மலாய் அம்மா எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

“உங்கள் பின்னால் கட்டம் போட்ட கைலியோடு ஒருத்தர் நிற்கிறாரே, அவர்தானா அந்தப் பாக்சிக்?”

லோகேஸ்வரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவரேதான், புவான்.”

குழந்தைவேலுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோசைத் திருப்பியை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சலாம் போட்டார்.

அது ஒரு நொடிகூடப் பிந்தாமல் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தது.